சத்தமில்லாத கிராஃபிக்ஸ் கார்டு: சின்ன பட்ஜெட்டில் மாற்றிய அனுபவம்

பழைய கார்டு முழு வேலையில் இருக்கும்போது என் மைக்கில் பதிவான இரைச்சல் −44 டெசிபல் (பதிவில் உச்ச அளவு 0; அதிலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு அமைதி). இப்போது அதே வேலை, அதே மைக், அதே தூரம்: −62. கணினியை அணைத்துவிட்டு வெறும் அறையைப் பதிவு செய்தால் −68 வருகிறது. அறையின் அமைதிக்கும் கணினியின் சத்தத்துக்கும் இடையே இனி 6 டெசிபல்தான். எனக்கு இது போதும். எண்களெல்லாம் கைவசம் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

முப்பரிமாண மென்பொருள் வகுப்புகளைத் திரையோடு சேர்த்துக் குரலிலும் பதிவு செய்கிறேன். கார்டு வேலை செய்யும் நேரமும் மைக் திறந்திருக்கும் நேரமும் ஒன்றுதான். அதனால் ‘கார்டு சும்மா இருக்கும்போது அமைதி’ என்ற வாக்குறுதி எனக்குப் பயன்படாது. சுமையில் இருக்கும்போது அமைதியாக இருக்க வேண்டும். மற்ற நேரத்தில் 1080பி-யில் கேம். பட்ஜெட் சிறியது: இன்றைய நடுத்தட்டு கார்டு ஒன்றின் விலையில் ஏறத்தாழ பாதி.

முதலில் எது சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மைக்கைக் கேபினெட்டிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்து, பதிவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைத் தொடாமல், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தேன். போன் செயலிகள் காட்டும் டெசிபல் எண்ணை நம்ப வேண்டியதில்லை. அளவுதிருத்தம் செய்யாத மைக் உண்மையான ஒலி அளவைச் சொல்லாது; ஆனால் முன்புக்கும் பின்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகவே சொல்லும். நமக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான்.

கேபினெட் விசிறிகளின் வயரைக் கழற்றிவிட்டு ஒரு பதிவு, கார்டின் விசிறியை ஆஃப்டர்பர்னர் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் குறைத்து ஒரு பதிவு, எல்லாம் சேர்ந்து ஒரு பதிவு என்று எடுத்தேன். ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் 360 ஹெர்ட்ஸில் ஒரு முனை துருத்திக்கொண்டு நின்றது. விசிறி நிமிடத்துக்கு 2400 சுற்று, அதாவது நொடிக்கு 40, இறக்கைகள் 9. இரண்டையும் பெருக்கினால் 360. குற்றவாளி கார்டின் விசிறிதான் என்பதில் சந்தேகமே இல்லை. இந்தக் கணக்கை யாரும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்: சுற்று வேகத்தை 60-ஆல் வகுத்து இறக்கை எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். எந்த விசிறியின் எண்ணோடு ஒலி முனை பொருந்துகிறதோ அதுதான் ஆள்.

புதிதாக வாங்குவதற்கு முன் பழையதைச் சரிசெய்து பார்த்தேன். அது 120 வாட் இழுக்கும், ஒற்றை விசிறி கொண்ட குட்டைக் கார்டு. பின்பக்கம் சிப்பைச் சுற்றி நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூ. ஒன்றை முழுக்கக் கழற்றாமல், எதிரெதிர் மூலையாக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தினால் சிப்பின் ஓரத்தில் அழுத்தம் ஏறாது. சிப்பின் மேல் உட்கார்ந்து வெப்பத்தை வாங்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்கை இழுக்கக் கூடாது. மெல்லத் திருகினால், இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவியிருக்கும் காய்ந்த பேஸ்ட் விட்டுக்கொடுக்கும். விசிறியின் வயர் இன்னும் போர்டில் மாட்டியிருக்கும், அதை மறந்து தூக்கினால் கனெக்டர் கையோடு வந்துவிடும். பழைய பேஸ்ட் கட்டியாகிக் கல் போல இருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, புதிதாகத் தடவி, மெமரி சிப்புகளின் மேல் இருந்த தெர்மல் பேடை (வெப்பம் கடத்தும் மெத்தை) வெர்னியரால் அளந்து அதே 1 மி.மீ. தடிமனில் மாற்றினேன். பேட் தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராது. குறைந்தால் மெமரி தொடாமல் நிற்கும். கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைக்காமல் அளந்துவிடுவது நல்லது.

வெப்பம் 83 டிகிரியிலிருந்து 77-க்கு இறங்கியது. விசிறியும் 2400-இலிருந்து 2150 சுற்றுக்கு இறங்கியது. ஆனால் பெயரிங்கிலிருந்து வந்த கரகரப்பு அப்படியே இருந்தது. காற்றின் இரைச்சல் குறைந்ததும் அது இன்னும் தெளிவாகக் கேட்டது. விசிறியை மட்டும் மாற்றலாம்தான். ஆனால் உள்ளே இருந்தது ஹீட்பைப் (வெப்பத்தைத் துடுப்புகளுக்குக் கடத்தும் குழாய்) இல்லாத சின்ன அலுமினியக் கட்டி. எந்த விசிறியைப் போட்டாலும் அது வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். பேஸ்ட், பேட், ஆல்கஹால் எல்லாம் சேர்ந்து பட்ஜெட்டில் 5 சதவீதம் போயிருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் தேர்வு. வேகத்தின் அடிப்படையில் கார்டுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களை ஒதுக்கிவிட்டு வாட் அடிப்படையில் பார்க்க ஆரம்பித்தேன். கார்டு இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்த வெப்பத்தைத் தள்ளுவதற்குக் காற்று வேண்டும், காற்றுக்குச் சுற்று வேண்டும், சுற்று கூடினால் சத்தம். ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும் என்பது விசிறிப் பொறியியலில் கையாளும் கணக்கு. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். ஆக நான் தேடியது மெதுவாகச் சுற்றியே சமாளிக்கக்கூடிய கார்டு. அதாவது குறைந்த வாட், பெரிய ஹீட்சிங்க்.

ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாடல் முதலில் கண்ணில் பட்டது. 70 வாட்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மட்டுமே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் தனி பவர் கேபிளே தேவையில்லை. பாலிட் நிறுவனம் இதே சிப்பில் விசிறியே இல்லாத கால்ம்எக்ஸ் என்ற கார்டும் போடுகிறது. விசிறி இல்லாவிட்டால் சத்தம் பூஜ்யம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த 70 வாட் கேபினெட்டுக்குள்ளேயேதான் நிற்கும்; அதை வெளியேற்ற கேபினெட் விசிறிகள் கூடுதலாகச் சுற்ற வேண்டும். காற்றோட்டம் நன்றாக உள்ள கேபினெட்டுக்கு அது அருமையான தேர்வு. என்னுடையது முன்பக்கம் பாதி அடைத்த வகை. அறை வெப்பமோ 31 டிகிரி. தவிர, என் பழைய கார்டோடு ஒப்பிட்டால் வேகத்தில் பெரிய தாவல் கிடைக்காது. வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஆர்டிஎக்ஸ் 3050 என்ற அதே பெயரில் 130 வாட் இழுக்கும் 8 ஜிபி மாடலும் உண்டு. பெட்டியில் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட். சத்தக் கணக்கில் பிரமாதம். ஆனால் அதிலும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியிலும், பதிவை வீடியோவாகச் சுருக்கும் பகுதியான வீடியோ என்கோடர் கிடையாது. திரையைப் பதிவு செய்யும் எனக்கு அது நேரடியான அடி. மேலும் அவை நான்கு பிசிஐ லேன்களில் (கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பாதைகள்) மட்டும் ஓடுபவை. என் மதர்போர்டு மெதுவான மூன்றாம் தலைமுறை பிசிஐ என்பதால் அங்கேயும் இழப்பு. இன்டெல் ஆர்க் ஏ380-க்கு, கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைஸபிள் பார் வசதி இருந்தால்தான் சரியான வேகம் வரும்; என் போர்டில் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபிக்கு 170 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட்டில் நல்ல வேகம் தரும். ஆசைப்பட்டேன், பட்ஜெட் எட்டவில்லை.

மிஞ்சியது ஆர்எக்ஸ் 6600. 2021-இல் வந்த சிப், 8 ஜிபி, 132 வாட். பழைய கார்டைவிட 12 வாட் அதிகம்தான். ஆனால் வேகம் தெளிவாகக் கூடும். அந்தக் கூடுதல் வேகத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து வாட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சைக்கிள்ஸ் ரெண்டர் (இறுதிப் படத்தை உருவாக்கும் வேலை)தான் உங்கள் முக்கிய வேலை என்றால் என்விடியா பக்கம் போவதே சரி. எனக்கு வியூபோர்ட்டும் (மாடலைத் திருப்பிப் பார்த்து வேலை செய்யும் திரைப்பகுதி) பதிவும்தான்.

சிப் முடிவானாலும் வேலை முடியவில்லை. அதே சிப்பைப் பல நிறுவனங்கள் பல கூலரோடு விற்கின்றன. சத்தத்தின் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் முடிவாகிறது. ஒற்றை விசிறிக் குட்டை மாடல் விலை குறைவு, தவிர்த்தேன். விளம்பரப் படங்களில் தெரியும் பிளாஸ்டிக் மூடியை விட்டுவிட்டு ஹீட்சிங்கைப் பார்த்தேன்: ஹீட்பைப் எத்தனை, அவை சிப்பை நேராகத் தொடுகின்றனவா, துடுப்புகள் கார்டின் முழு நீளத்துக்கும் போகின்றனவா, விசிறியின் விட்டம் எவ்வளவு, கார்டின் எடை எவ்வளவு. எடை ஓரளவு நேர்மையான எண்; உலோகம் இல்லாமல் கிராம் ஏறாது. கடைசியில் 90 மி.மீ. விசிறி இரண்டு, மூன்று ஹீட்பைப், 240 மி.மீ. நீளம், குறைந்த வெப்பத்தில் விசிறி தானாக நிற்கும் வசதி உள்ள மாடலை எடுத்தேன். குட்டை மாடலைவிட விலை 7 சதவீதம்தான் கூடுதல். இந்தத் தொகையை மிச்சம்பிடிக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி.

செகண்ட்ஹேண்டில் பெரிய கார்டு கிடைக்கும்தான். ஆனால் விசிறியின் பெயரிங் எவ்வளவு ஓடியது என்று வாங்கும்போது தெரியாது. அமைதிக்காக வாங்கும் கார்டில் அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்று புதிதே வாங்கினேன். பட்ஜெட்டில் 85 சதவீதம் கார்டுக்கு. மீதி 10 சதவீதத்தை விசிறிகளுக்கு ஒதுக்கி வைத்தேன்.

வாங்குவதற்கு முன்பே கேபினெட்டை அளந்தேன். பின் பிராக்கெட்டின் உள்விளிம்பிலிருந்து முன் விசிறியின் சட்டம் வரை 285 மி.மீ. இருந்தது. பவர் கேபிள் வளைய கார்டின் மேல்விளிம்பிலிருந்து பக்கக் கதவு வரை 35 மி.மீ. ஆவது வேண்டும், இதைப் பலர் அளப்பதில்லை. பவர் சப்ளை 450 வாட். பிராசஸர் 65, கார்டு 132, மற்றவை 50 என்று வைத்தாலும் 250-க்குள் அடங்கும். 8 முள் கனெக்டர் ஒன்று இருந்தது. அது 150 வாட், ஸ்லாட் 75 வாட், தாராளம்.

மாட்டும் வேலையில் சொல்ல அதிகமில்லை. பழைய டிரைவரை டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் நீக்கி, மெயின் சுவிட்சை அணைத்து, ஸ்லாட் கொக்கியை அழுத்திப் பழையதை எடுத்து, புதியதைப் போட்டேன்.

முதல் அளவு: சுமையில் −52. சுற்று 1550, சிப் 67 டிகிரி, ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான புள்ளி) 84. ஹாட்ஸ்பாட்டுக்கு ஏஎம்டி வைத்திருக்கும் எல்லை 110 என்பதால் நிறைய இடம் இருந்தது. கார்டு தேவைக்கு மேல் குளிர்ந்துகொண்டிருந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் சும்மா இருக்கும்போது வேறு ஒரு தொல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை விசிறி விர்ரென்று கிளம்பும், கொஞ்சம் சுற்றும், நிற்கும். தொடர்ந்து வரும் சத்தத்தைவிட இந்த விட்டுவிட்டு வரும் சத்தம்தான் பதிவில் உறுத்தியது. கார்டு பழுதோ என்று மூடியைத் திறக்கத் தோன்றும் இடம் இது. திறக்கவில்லை, டிரைவர் மென்பொருளில் எண்களைப் பார்த்தேன். டெஸ்க்டாப்பில் எதுவும் ஓடாதபோதும் மெமரி வேகம் 1750 மெகாஹெர்ட்ஸில், அதாவது உச்சத்தில், நின்றது. காரணம் மானிட்டர்கள். ஒன்று 144 ஹெர்ட்ஸ், மற்றொன்று 60. இரண்டும் பொருந்தாத வேகத்தில் புதுப்பிக்கப்படும்போது மெமரி வேகத்தை இறக்குவதற்கான இடைவெளி கார்டுக்குக் கிடைப்பதில்லை. சும்மா இருந்தே சூடேறி, 57 டிகிரி தொட்டதும் விசிறியை எழுப்பி, குளிர்ந்ததும் நிறுத்தி, மறுபடி சூடேறியது. முதல் மானிட்டரை 120-க்கு இறக்கினேன். மெமரி வேகம் உடனே கீழே போனது, வெப்பம் 44-இல் நின்றது. அதன் பிறகு சும்மா இருக்கையில் விசிறி எழவே இல்லை. செலவு ஒன்றுமில்லை.

அடுத்தது கீச்சொலி. ஒரு கேமின் மெனு திரையில் மட்டும் மெல்லிய கீச். விசிறியைக் குறைத்தாலும் அது மாறவில்லை. கார்டின் மின்சுருள்கள் அதிர்வதால் வருவது அது. மெனுவில் வரைய ஒன்றும் இல்லாததால் நொடிக்கு ஆயிரத்துக்கு மேல் ஃபிரேம் போய்க்கொண்டிருந்தது. ஃபிரேம் எண்ணிக்கையை 118-இல் கட்டியதும் கீச்சொலி காதுக்கு எட்டாத அளவுக்குத் தணிந்தது. வியூபோர்ட்டிலும் அதே கட்டு. கார்டை எந்த விதத்திலும் மெதுவாக்காமல் வாட்டைக் குறைக்கும் வழி இது. மானிட்டர் காட்டவே முடியாத ஃபிரேம்களுக்காகச் சூடேற்றிக்கொள்ள வேண்டாம்.

பிறகு மின்னழுத்தம்; அது குறைந்தால் வாட்டும் வெப்பமும் குறையும். ஏஎம்டியின் மென்பொருளில் வோல்டேஜ் 1150 மில்லிவோல்ட்டில் இருந்தது. உச்ச வேகத்தை 2350 மெகாஹெர்ட்ஸுக்குக் கட்டிவிட்டு, வோல்டேஜை 20, 20 ஆக இறக்கினேன். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் கனமான காட்சி ஒன்றை ஓடவிட்டேன். 1030-இல் திரை கறுத்து டிரைவர் மீண்டும் எழுந்தது. 1050-இல் சோதனை தாங்கியது. ஆனால் ஒரு நீண்ட பதிவின் நடுவில் டிரைவர் மறுபடி விழுந்தது. அரை மணி நேரச் சோதனை போதாது என்பதற்கு அதுவே சான்று. 1075-இல் வைத்தேன், அதன் பிறகு விழவில்லை. மென்பொருள் காட்டும் மின்சாரம் 100 வாட்டிலிருந்து 78-க்கு வந்தது. இங்கே ஒரு விளக்கம் தேவை: இந்தத் தலைமுறை ஏஎம்டி கார்டுகளில் மென்பொருள் காட்டுவது சிப்பின் மின்சாரத்தை மட்டுமே, முழு போர்டையும் அல்ல. அதனால்தான் 132 வாட் கார்டு 100 என்று காட்டுகிறது. என்விடியா கார்டின் எண்ணோடு இதை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. வேக இழப்பு என் வேலையில் 4 சதவீதம்.

வெப்பம் குறைந்த பிறகே விசிறி வளைவை (எந்த வெப்பத்தில் எத்தனை சுற்று என்ற அமைப்பை) தொட்டேன். முதலிலேயே தொட்டிருந்தால் வெப்பத்தைக் கூட்டித்தான் சத்தத்தைக் குறைத்திருக்க முடியும். 55 டிகிரி வரை நின்றிருக்கும், 65-இல் 950 சுற்று, 72-இல் 1200. சுமையில் 68 டிகிரியில் 1080 சுற்றில் நிலைத்தது. ஹாட்ஸ்பாட் 81. அளவு −58. வளைவில் செங்குத்தான படிகள் இல்லாமல் சாய்வாக வைத்தேன்; சுற்று திடீரென்று மாறினால்தான் காது அதைக் கவனிக்கிறது.

−58-இல் கார்டின் சத்தத்துக்கு அடியில் மறைந்திருந்த முன் விசிறிகள் வெளியே வந்தன. பழையவை இரண்டும் 1200 சுற்றில் மாறாமல் ஓடியவை. ஒதுக்கி வைத்த 10 சதவீதத்தில் 120 மி.மீ. பிடபிள்யூஎம் விசிறி (வேகத்தை மதர்போர்டு கட்டுப்படுத்தக்கூடிய வகை) இரண்டு வாங்கி மாட்டினேன். முன்பக்கத் தூசி வலையையும் கழற்றிக் கழுவினேன். பாதி அடைப்பு அந்த வலையில்தான் இருந்தது. மதர்போர்டு இந்த விசிறிகளைப் பிராசஸர் வெப்பத்தோடு மட்டுமே இணைக்கும். எனக்கோ சூடாவது கார்டு. ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் முன் விசிறிகளைக் கார்டின் வெப்பத்தோடு இணைத்தேன்: சும்மா இருக்கையில் 450, சுமையில் 700. கேபினெட்டுக்குள் குளிர்ந்த காற்று கூடுதலாக வந்ததால் கார்டு விசிறி தானாகவே 980-க்கு இறங்கியது. அப்போது வந்ததுதான் அந்த −62.

அடுத்த முறை செய்தால் வரிசையை மாற்றுவேன். முன் விசிறியையும் தூசி வலையையும் கார்டு வாங்குவதற்கு முன்பே சரிசெய்வேன். குறைந்த செலவு, எந்தக் கார்டுக்கும் பயன். பழைய கார்டுக்குப் பேட் மாற்றியதைத் தவிர்த்து அந்தத் தொகையை இன்னும் பருமனான ஹீட்சிங்க் உள்ள மாடலுக்குப் போடுவேன். வோல்டேஜ் ஒவ்வொரு படியையும் அரை மணி அல்ல, ஒரு முழு வகுப்புப் பதிவின் நேரம் ஓடவிடுவேன்.

இப்போது ஸ்பெக்ட்ரத்தில் மிச்சமிருக்கும் முனை பவர் சப்ளையின் விசிறியுடையது. அதைத் திறக்கப்போவதில்லை, மின்தேக்கிகளில் அணைத்த பிறகும் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். மாற்றும் காலம் வரும்போது, பாதிச் சுமை வரை விசிறி நிற்கும் வகையாகப் பார்த்து வாங்குவேன். என் கணினி மொத்தமாக இழுப்பது 200 வாட்டுக்கும் கீழே என்பதால் 550 வாட் சப்ளை ஒன்று போட்டால் அந்த விசிறி பெரும்பாலும் சுற்ற வேண்டியிருக்காது.